போர்த்த விதியுண்டு, கழற்ற விதியில்லை

“போர்த்தின ஆள்தான் கழட்டவேணும். அதுதான் முறை.”

“ஆர் சொன்னது? ஒன்றியத்தின்ரை யாப்பில எந்த விதியில கிடக்கு அப்பிடி?”

“யாப்பில இல்லாட்டி? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே.”

“அக்கா, நான் தொழில்நுட்பச் செயலாளர். எனக்கு மூடியைக் கழட்டிப் பாக்கவேணும். மூடியைக் கழட்டப் பொன்னாடையைக் கழட்டவேணும். அதுக்கும் உங்களிட்டைக் கையெழுத்துக் கேக்கவேணும் எண்டால் நான் என்னத்துக்கு இஞ்சை செயலாளர்?”

“அதைத்தான் நாங்களும் ரெண்டு வருசமாக் கேக்கிறம்.”

பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடிப் படிக்கட்டில் நின்றபடி பாலச்சந்திரன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் மரக்கறி வாங்க இழுத்துக்கொண்டு போகும் சில்லுப் பை. அதற்குள் மரக்கறி இல்லை, கணினிப் பெட்டி இருந்தது. கொண்டுவருகிறேன் என்று முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார், சண்டை அதைப் பற்றித்தான். கதவு அரைவாசி திறந்து கிடந்தது. உள்ளே போவதா, சண்டை முடியட்டும் என்று நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றார். நிற்பது அவருக்குப் பழக்கம். இருபத்தாறு வருடமாக உணவகச் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்.

உள்ளே சண்டை பிடித்தவர்கள் லா சப்பல் தமிழர் கணினி மேம்பாட்டு ஒன்றியத்தின் தொழில்நுட்பச் செயலாளர் கீர்த்தனனும், பண்பாட்டுச் செயலாளர் அஜந்தாவும். ஒன்றியத்துக்கு வயது இருபத்திரண்டு. பொறுப்பாளர்கள் பதினான்கு பேர். உறுப்பினர்கள் பதினொரு பேர். இந்தக் கணக்கு எப்படி வரும் என்று ஒருமுறை யாரோ பொதுக்கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். அதோடு பொறுப்பாளர்கள் பதினேழு ஆகி, பிறகு மூன்று பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாலச்சந்திரனின் கணினி இந்த ஒன்றியம் தந்தது. ‘தனித்திருப்போர் கணினித் திட்டம்’ என்று கடைக் கண்ணாடிகளில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தனித்திருக்கிறார் என்பதற்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜெனவியேவ் என்ற கிழவி ஒரு கையெழுத்து வைத்தாள். இரண்டாவது சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காததே ஆதாரம் தானே என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஒன்றியம் ஏற்கவில்லை. கடைசியில் உணவக முதலாளி பிலிப் மத்தியானச் சமையலுக்கு நடுவில், என்ன ஏதென்று கேட்காமல், எண்ணெய் பட்ட கையோடு ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

கையளிப்பு விழா மூன்று மணித்தியாலம் நடந்தது. விளக்கேற்றினார்கள். தலைவர் நல்லசிவம் கணினிப் பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார். மனிதருக்குப் போர்த்தினால் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள், கணினிக்குப் போர்த்தினால் எந்நாளும் கண்முன்னால் இருக்கும் என்று விளக்கமும் சொன்னார். நல்ல தடித்த சரிகைப் பொன்னாடை. நடுவில் ஒன்றியத்தின் சின்னம். வழுகி விழாமல் இருக்க அஜந்தா நாலு பக்கமும் இழுத்து எட்டு ஊசி குத்திக் கொடுத்தார். விதிமுறைத் தாளில் ஏழாவது விதி: பொன்னாடை எந்நேரமும் பெட்டியின்மேல் இருக்க வேண்டும். ஞாயிறு தோறும் பின்நேரம் மூன்றரைக்குப் பொன்னாடையோடு கணினியைப் படம் எடுத்து ஒன்றியத்தின் வட்சப் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

பாலச்சந்திரனும் விசேஷமாக எதற்கும் ஆசைப்படவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லொறி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய மகன் மிதுசன் மொன்றியலில் வேலை. மனைவி கோசலை மகனுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் வருகிறேன் என்று போனவள். இரண்டு வருடமாகிறது. போகிற அன்று பாலச்சந்திரன் விமான நிலையத்துக்குப் போகவில்லை. உணவகத்தில் அன்றைக்கு ஆள் குறைவு, லீவு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கோசலை தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் தொலைபேசியில் வரவில்லை. “எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை எண்டு சொல்லு” என்று பின்னால் நின்று சொல்வது மட்டும் கேட்கும்.

மகனோடும் தொலைபேசியில் அதிகம் ஓடாது. அவன் பிரெஞ்சில் சுகமா என்பான். இவர் ஓம் என்பார். பிறகு இருவரும் மற்றவர் வைக்கட்டும் என்று காத்திருப்பார்கள். மிதுசன்தான் கணினியில் இருவர் சேர்ந்து லொறி ஓட்டும் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தான். ஆளுக்கொரு லொறி. கலே துறைமுகத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு இஸ்தான்புல் வரைக்கும் போக வேண்டும். அவன் முன்னால் ஓட்டுவான், இவர் பின்னால் ஓட்டுவார். ஓட்டும்போது பேச்சு தானாக வந்தது. பக்கத்தில் இருந்து ஒரே திசையைப் பார்க்கிற இரண்டு பேருக்குக் கதைப்பது சுகம். மகன் தமிழில் தட்டுத்தடுமாறிக் கூடப் பேசினான்.

அதோடு இன்னொன்றும் கேட்டது. மொன்றியலில் அப்போது காலை ஒன்பது மணி. மகனுக்குப் பின்னால் தாச்சியில் எண்ணெய் பொரிகிற சத்தம். கோசலை காலைச் சாப்பாடு செய்கிறாள். ஒன்பதரைக்குச் சமையல் முடிந்து, தேத்தண்ணியோடு வந்து மகன் பக்கத்தில்தான் இருப்பாளாம். மிதுசன் சொல்லியிருந்தான். அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டால் போதும், கோசலை ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்துவிடுவாள்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் திரை கறுத்தது. பெட்டி அணைந்தது.

முதல் ஞாயிறு அப்படி. அடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கு அடுத்த ஞாயிறு இருபத்திமூன்று நிமிடம் ஓடி அவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு அணைந்தது. பிறகு மிதுசன் தொலைபேசியில் எடுப்பான். “பப்பா, த்தே ஊ?” எங்கே நிற்கிறாய் என்று. தன் லொறியை ஓரத்தில் விட்டு, நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு காத்திருந்ததாகச் சொல்வான். ஏழு ஞாயிறு ஆகியும் அவர்கள் லில் நகரத்தைத் தாண்டவில்லை. ஏழாவது ஞாயிறு மகன், வேணுமெண்டால் கொஞ்ச நாளைக்கு விடுவமா பப்பா என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் பாலச்சந்திரன் பெட்டியைச் சில்லுப் பையில் வைத்து இழுத்துக்கொண்டு ரூ பெர்தொனேக்கு வந்தார்.

சண்டை ஓய்ந்ததும் உள்ளே போனார். கீர்த்தனன் பெட்டியை மேசையில் ஏற்றி, பொன்னாடையைத் தொடாமல் வயர்களைப் பின்பக்கத்தால் நுழைத்து இயக்கினார். திரையில் ‘வணக்கம்’ என்று அடித்தார். கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பாலச்சந்திரனும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“பாருங்கோ அண்ணை. வணக்கம் நிக்குது. ஒரு பிழையும் இல்லை.”

“தம்பி, விளையாடேக்கைதான் நிக்குது.”

“விளையாட்டு எண்டு படிவத்தில இல்லையே” என்று கீர்த்தனன் தாளை நீட்டினார். கணினிப் பாவனை என்ற தலைப்பின் கீழ் மூன்றுதான் இருந்தன: கடிதம் எழுதுதல், திருமணப் பொருத்தம் பார்த்தல், மரண அறிவித்தல். “இதில ஒண்டுக்குக் கோடு போட்டால்தான் முறைப்பாட்டைப் பதியலாம்.”

பாலச்சந்திரன் யோசித்தார். நடப்பதற்கு மிகக் கிட்டவாக இருந்தது மூன்றாவதுதான். அதற்குக் கோடு போட்டார்.

மூன்றாம் நாள் பின்நேரம் கதவு மணி அடித்தது. அஜந்தா வெள்ளைச் சேலையில் நின்றார். பின்னால் கீர்த்தனன், கறுப்புக் காற்சட்டையில். அஜந்தா பண்பாட்டுச் செயலாளர் மட்டுமல்ல, துயர்பகிர்வுக் குழுவின் பொறுப்பாளரும் அவர்தான். அந்தப் படிவம் வந்தால் மூன்று நாளுக்குள் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்க வேண்டும் என்று விதி. கையில் ஒரு சுவரொட்டி. அதில் கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, நடுவில் பொன்னாடையோடு பாலச்சந்திரனின் கணினியின் படம். ஞாயிற்றுக்கிழமை அவரே அனுப்பிய படம்தான்.

“அக்கா, இது கொம்பியூட்டர்.”

“தெரியும் அண்ணை. படிவம் வந்தால் வரத்தானே வேணும்.”

இருவரும் கட்டிலில் இருந்தார்கள். அறையில் கதிரை ஒன்றுதான். மேம்பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் போய் ஜன்னல் நடுங்கி அடங்கியது.

“எப்ப நடந்தது?” என்று அஜந்தா தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஞாயிறு. மூண்டு இருபத்திரண்டுக்கு.”

“கஷ்டப்பட்டதோ?”

“இல்லை. கறுத்தது, நிண்டது.”

“அது ஒரு குடுப்பினை” என்றார் கீர்த்தனன்.

“இப்பவும் போட்டால் வேலை செய்யும்” என்று பாலச்சந்திரன் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. எழுந்துபோய்த் தட்டின் மேல்வரிசையில் இருந்த கோப்பைகளை இறக்கினார். கோசலை போன பிறகு இறக்காத கோப்பைகள். தூசு கழுவித் தேத்தண்ணி போட்டார். அந்த அறையில் அவரைத் தவிர இன்னொருவர் இருப்பது இரண்டு வருடத்தில் இதுதான் முதல்தடவை. அவர்கள் உணவகத்தைப் பற்றிக் கேட்டார்கள். முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டார்கள். அஜந்தா தன் தம்பி புறநகர் வில்லியே லே பெல்லில் இருந்து தினமும் இரண்டு மணித்தியாலம் ரயிலில் அலைவதைச் சொன்னார். இன்னொரு கோப்பை ஊற்றினார் பாலச்சந்திரன். மூன்றாவது கோப்பைக்குப் பிறகுதான், கணினி சாகவில்லை, விளையாடும்போது மட்டும் நிற்கிறது என்று சொன்னார்.

அஜந்தா கோப்பையை வைத்தார். “அப்ப இது துயர்பகிர்வு இல்லை. இது குறைகேள் அரங்கு. அதுக்கு மண்டபம் எடுக்கவேணும்.”

போகும்போது சுவரொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். வீணாக்கக் கூடாது என்று.

குறைகேள் அரங்கு ஞாயிறு பின்நேரம் மூன்று மணிக்கு என்று கடிதம் வந்தது. அந்த நேரம் மட்டும் வேண்டாம் என்று பாலச்சந்திரன் கேட்டுப் பார்த்தார். “பிழை அந்த நேரத்திலதானே வருது” என்றார் கீர்த்தனன். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றியத்தில் யாரும் சொன்ன பொருத்தமான வார்த்தை அது ஒன்றுதான்.

மண்டபத்தில் ஐம்பது கதிரை போட்டு முப்பது பேர் வந்திருந்தார்கள். மேடையில் கணினி, பெரிய திரை, ஒலிபெருக்கி. பிரதம விருந்தினர்கள் மூன்று பேர். வந்த விருந்தினர் சும்மா இருக்க முடியாது என்பதால் மூவரும் ஆளுக்கொரு பொன்னாடையைக் கணினிக்குப் போர்த்தினார்கள். பழையதோடு சேர்த்து நாலு. அஜந்தா கூடுதல் ஊசிகளோடு ஓடி ஓடிக் குத்தினார். பெட்டி குளிருக்குப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப்போல மேடையில் நின்றது.

மூன்று மணிக்கு மிதுசன் இணைப்பில் வந்தான். லொறிகள் கலேயில் இருந்து புறப்பட்டன. அதே நேரம் தலைவர் நல்லசிவம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பான உறவுகளே. சிலபேர் கேக்கினம், இந்த ஒன்றியம் இருபத்திரண்டு வருசத்தில எத்தினை கொம்பியூட்டர் திருத்தினது எண்டு. நான் மனந்திறந்து சொல்லுறன். ஒண்டும் திருத்தேல்லை.”

கைதட்டினார்கள்.

“ஏன் திருத்தேல்லை? திருத்திறதுக்குக் கடையள் இருக்கு. அங்கை குடுத்தால் ரெண்டு நாளில திருத்தித் தருவாங்கள். நாங்களும் அதையே செய்தால் எங்களுக்கும் கடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? ஆனா ஒரு கடைக்காரன் உங்கடை கொம்பியூட்டரைத் தொட்டுக் கும்பிடுவானோ? விளக்கேத்துவானோ? எங்கடை கையால போன ஒரு கொம்பியூட்டரும் மரியாதை இல்லாமல் நிண்டதில்லை. நிண்ட எல்லாம் மரியாதையோடதான் நிண்டது.”

“பப்பா, ஆர் அது கத்துறது?” என்று மண்டபம் முழுக்க மிதுசனின் குரல் கேட்டது.

“சங்கம்” என்றார் பாலச்சந்திரன்.

ஒன்பதாவது நிமிடத்தில் திரை கறுத்தது. தாச்சிச் சத்தமும் நின்றது. தலைவர் திரும்பிப் பார்த்தார். “பாத்தியளோ. எங்கடை பேச்சைக் கேட்டு அமைதியா நிக்குது.”

பாலச்சந்திரன் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். அதைத் தேற்றுவதுபோல் கை வைத்தார். வைத்த கையை எடுத்தார். மறுபடி, பொன்னாடைகளுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். தோசைக்கல். இருபத்தாறு வருட அடுப்பு அனுபவத்தில் இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டியும் அவரிடம் பேசியதில்லை. வீட்டில் மேசைக்குக் கீழே இருக்கும்போது அந்தப் பெட்டியிலிருந்து கணகணவென்று சூடு வந்து காலில் படும். அறையின் ஹீட்டர் பழசு. அந்தச் சூடு அவருக்குப் பிடித்திருந்தது. தனித்திருப்போருக்கென்று திட்டத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

“அண்ணை” என்றார் தலைவரிடம். “இது கொதிக்குது. மூச்சு விடேலாமல் நிக்குது. போர்வையைக் கழட்டினால் சரி.”

விருந்தினர் மூவரும் கதிரையில் நிமிர்ந்தார்கள்.

“பொன்னாடையைப் போர்வை எண்டு சொல்லாதேங்கோ” என்றார் தலைவர்.

“பொன்னாடையைக் கழட்டினால் சரி.”

“கழட்டலாம். நாங்கள் கழட்ட மாட்டம் எண்டு சொல்லேல்லை. ஆனா யாப்பில போர்த்திறதுக்கு நாலு விதி இருக்கு, கழட்டுறதுக்கு ஒரு விதியும் இல்லை. ஏனெண்டால் இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. மூண்டில ரெண்டு பங்கு ஆதரவோட யாப்பைத் திருத்தவேணும். அதுக்கு அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் பொறுங்கோ. வாற வைகாசி.”

அது ஐப்பசி மாதம். கீர்த்தனன் குறிப்பு எழுதினார். உறைப்பு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பாலச்சந்திரன் கதவைத் தாழ் போட்டார். பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கோப்பையில் போட்டார். முப்பத்தொரு ஊசி. பொன்னாடைகளை மடித்துக் கட்டிலில் வைத்தார். மூன்று மணிக்கு இயக்கினார். பெட்டியின் விசிறி சுற்றுகிற சத்தம் அவருக்கு அன்றுதான் முதன்முதல் கேட்டது. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்.

பத்து நிமிடம். பதினைந்து. மழை பெய்தது, விளையாட்டில். மிதுசன் தன் வேலையிடத்தில் ஒருத்தி பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். இருபத்தொன்றில் பாலச்சந்திரன் பேச்சை விட்டார். இருபத்திரண்டு. இருபத்திமூன்று. கை வியர்த்தது, ஆனால் கால் விறைத்தது. கீழே பெட்டி ஆறிப்போய் இருந்தது, சூடு வரவில்லை. கட்டிலுக்கு ஒரு கையை நீட்டி, அகப்பட்ட பொன்னாடையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

லில் தாண்டியது.

அங்கே தாச்சிச் சத்தம் நின்றது. கதிரை இழுபடுகிற சத்தம். கோப்பை மேசையில் வைக்கிற சத்தம். பிறகு, மிகக் கிட்டவாக:

“ஏன் உவர் இப்பிடி ஆமை மாதிரிப் போறார்?”

நீயே கேள் அம்மா என்று மிதுசன் பிரெஞ்சில் சொன்னான். சாலை மட்டும் ஓடியது.

“இஞ்சாருங்கோ. முன்னால போறவனை முந்துங்கோவன்.”

பாலச்சந்திரன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட இழுத்தார். “பாரம் கூடிப்போச்சு” என்றார்.

“என்ன ஏத்தியிருக்கிறியள்?”

“தக்காளி.”

“தக்காளிக்கு என்ன பாரம்.”

அந்நேரம் தொலைபேசியில் மூன்றரை மணி அடித்தது. படம் அனுப்பும் நேரம். வழக்கமாக மூன்று இருபத்திரண்டுக்கே எல்லாம் முடிந்துவிடுவதால் அவர் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. கண்ணைச் சாலையில் வைத்தபடி, இடக்கையால் தொலைபேசியை எடுத்துப் பக்கவாட்டில் நீட்டி ஒரு படம் பிடித்து அனுப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அன்றைக்கு அவர்கள் பெல்ஜியம் வரை போனார்கள். கோசலை கடைசிவரை இருந்தாள். பிரசெல்சில் பிழையான பக்கம் திரும்பியதற்கு ஏசினாள்.

படத்தில் என்ன விழுந்தது என்பதை அவர் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தார். கணினி வெறும் மேலோடு நின்றது. பொன்னாடை அவர் தோளில் கிடந்தது, ஒன்றியத்தின் சின்னம் நெஞ்சுக்கு நேரே.

கழற்றியதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குத்தான் விதியில்லையே. குற்றச்சாட்டு வேறு. ‘ஒன்றியத்தின் பொன்னாடை ஒருவருக்குப் போர்த்தப்படுவதாயின் அது பொதுக்குழுவின் தீர்மானத்தின் பேரிலேயே நடைபெற வேண்டும். தாங்கள் எந்தச் சேவைக்காக, எவரால் கௌரவிக்கப்பட்டீர்கள் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். தவறின் கணினி மீளப் பெறப்படும்.’

பாலச்சந்திரன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் பின்பக்கத்தில் பதில் எழுதிப் பார்த்தார். எந்தச் சேவைக்காக என்ற இடத்தில், ‘விடாமல் ஒண்டரை மணித்தியாலம் லொறி ஓட்டியதற்காக’ என்று எழுதினார். அது சரியாகத்தான் பட்டது. எவரால் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. கோசலையின் பெயரை எழுதினார், வெட்டினார். அவள் பெயரை ஒன்றியத்தின் கோப்பில் போட்டால் துயர்பகிர்வுக் குழுவோ எந்தக் குழுவோ மொன்றியலுக்குப் புறப்பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

இன்றோடு பதினொரு நாள் போய்விட்டது. இன்னும் நாலு நாள் இருக்கிறது, நடுவில் ஒரு ஞாயிறும் வருகிறது. அவர்கள் இன்னும் ஜெர்மனியைத் தாண்டவில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்களில், இப்படியான ஒன்றியங்களுக்குப் பதில் எழுதிப் பழகினவர் யாரும் இருந்தால், எவரால் என்ற அந்த இடத்தில் என்ன போடலாம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். பாலச்சந்திரன் எல்லாவற்றையும் வாசிப்பார், எல்லாருக்கும் பதிலும் போடுவார். ஞாயிறு மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.